இரண்டு மாத்திரை போதுமா?

மும்பையில் தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பலர் இங்கே பிழைக்க வந்தார்கள். தோல் பதனிடும் வேலை செய்தார்கள். இன்றும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தமிழர்கள் வாழ்கிறார்கள்.

தாராவியில் பல வீடுகளில் கழிப்பறை இல்லை. பலருக்கும் பொதுவான கழிப்பறைதான். காலையில் நீண்ட வரிசை. இரவில் தனியாகப் போகப் பயம். அதனால் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சிறுநீரை அடக்கி வைக்கிறார்கள். இது நோய்க்கு வழி விடுகிறது.

நீர்க்கடுப்பு ஏன் வருகிறது?

சிறுநீர் போகும்போது எரிகிறது. அடிக்கடி போக வேண்டும் போல இருக்கிறது. அடிவயிறு வலிக்கிறது. இதை "உடம்புச் சூடு" என்பார்கள். தொப்புளில் எண்ணெய் வைப்பார்கள். ஆனால் பெரும்பாலும் இதற்குக் காரணம் கிருமி. ஈ.கோலை என்ற கிருமி நம் குடலில் வாழ்கிறது. அது சிறுநீர்ப் பாதைக்குள் நுழைந்தால் நோய் வரும். பெண்களின் சிறுநீர்ப் பாதை சுமார் 4 செ.மீ. நீளம்தான். எனவே கிருமி எளிதில் உள்ளே ஏறிவிடுகிறது. நிறையத் தண்ணீர் குடித்து, அடக்காமல் சிறுநீர் கழித்தால், கிருமியும் அதோடு வெளியேறும்.

அரைகுறை மருந்தின் கேடு

எரிச்சல் வந்ததும் பலர் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். "நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க" என்று கேட்கிறார்கள். எரிச்சல் குறைகிறது. மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? பலவீனமான கிருமிகள் சாகின்றன. வலுவான சில பிழைக்கின்றன. அவை பெருகுகின்றன. அடுத்த முறை அதே மாத்திரைக்கு அவை அடங்குவதில்லை. விலை அதிகமான மருந்து வேண்டியிருக்கிறது. சில சமயம் ஊசிதான் வழி. மருந்துக்கு அடங்காத கிருமி மற்றவருக்கும் பரவும்.

1928இல் பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். 1945இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அளவு குறைத்து மருந்து தின்றால் கிருமி அடங்காமல் போகும் என்று அப்போதே எச்சரித்தார்.

என்ன செய்யலாம்?

நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீர்ச் சோதனை தேவை. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று கண்டுபிடிப்பார்கள். முடிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். தாராவிக்குப் பக்கத்தில் சயான் மாநகராட்சி மருத்துவமனை உள்ளது. அங்கே காட்டலாம்.

- டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை மருந்து சாப்பிடுங்கள்.
- மிச்ச மாத்திரையைச் சேர்த்து வைக்காதீர்கள். பிறருக்கும் கொடுக்காதீர்கள்.
- மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா? டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்காதீர்கள்.
- மலம் கழித்தபின் முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவுங்கள்.
- உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழியுங்கள்.

குளிர் காய்ச்சல், விலா வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் சிறிய எரிச்சல் என்றாலும் காட்ட வேண்டும்.

கழிப்பறை கேட்போம்

மருந்து மட்டும் போதாது. கழிப்பறை இல்லாத இடத்தில் "நிறையத் தண்ணீர் குடி" என்றால் எப்படிக் குடிப்பார்கள்? மும்பையின் பல பொதுக் கழிப்பறைகளில் சிறுநீர் கழிக்க ஆண்களுக்கு இலவசம். பெண்களிடம் மட்டும் காசு வாங்கினார்கள். 2011இல் பெண்கள் ஒன்றுசேர்ந்து இதை எதிர்த்தார்கள். இலவசமான, சுத்தமான, பாதுகாப்பான கழிப்பறை கேட்டு இயக்கம் நடத்தினார்கள். கழிப்பறை பெண்களின் உரிமை. அது நோயைத் தடுக்கும் வழியும் ஆகும்.

கலந்து பேசுங்கள்

1. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?
2. உங்கள் வீட்டில் மிச்ச மாத்திரைகள் உள்ளனவா?
3. உங்கள் பகுதியில் பெண்கள் இரவில் பயமின்றிப் போகக் கழிப்பறை உண்டா? இல்லையென்றால் யாரிடம் கேட்கலாம்?