பனியின் தலையில் போட்ட பழி

தை பிறந்துவிட்டால் நுவரெலியாவின் புல்வெளிகள் விடியற்காலையில் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். வானிலை அறிக்கையில் அதற்குத் துகள் உறைபனி என்று பெயர். தேயிலைத் தோட்டத்தில் வெறும் பனிதான். பனி விழுந்த மலையில் இரண்டொரு நாளில் கொழுந்து கருகும். அதே நாட்களில் பெரட்டுக்கு வரும் பெண்களின் உதடுகளும் வெடிக்கும். சிரித்தால் இரத்தம் கசியும், சம்பல் பட்டால் கண்ணில் நீர் முட்டும். "பனிக்கு வெடிச்சிருக்கு, பங்குனி வந்தா சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டே மலைக்கு ஏறிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகியும்விடும். சரியாகாத உதடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

"பனி ஈரம்தானே, ஈரத்தில் உதடு எப்படிக் காயும்? இது உடம்புச் சூடு." லயத்தில் நான் அதிகம் கேட்ட பேச்சு இது. புல்லில் ஈரம் இருப்பது உண்மை. காற்றில் அது இல்லை. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 5 பாகைக் குளிரிலோ 7 கிராம்தான். வெயில் ஏறி அந்தக் காற்று சூடாகும்போது அது தண்ணீருக்கு ஏங்கும். கிடைத்த இடத்திலிருந்து உறிஞ்சும். உதட்டின் சிவந்த பகுதியில் மேல்தோல் மிக மெல்லியது. முகத்தின் மற்ற இடங்களைக் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே இல்லையென்றே சொல்லலாம். அதனால் காற்று முதலில் கைவைப்பது உதட்டில்தான்.

சூட்டைத் தணிக்க இரவில் தொப்புளில் எண்ணெய் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தொப்புளிலிருந்து உதட்டுக்குப் போகும் வழி எதுவும் உடம்பில் இல்லை. தொப்புள்கொடியின் குழாய்கள் பிறந்த சில நாட்களிலேயே மூடிவிடுகின்றன. அந்த எண்ணெயை உதட்டிலேயே பூசினால் பலன் உண்டு. நிறையத் தண்ணீர் குடித்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். தண்ணீர் உடம்புக்கு வேண்டும். வெடித்த தோலை அது மட்டுமே மூடிவிடாது. மலையில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகக் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அறிவுரையைவிட முதலில் தேவை மலைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை.

காய்ந்த உதட்டை நாக்கால் நனைப்பது எல்லோருக்கும் கைவந்த வைத்தியம். எச்சில் ஒரு நிமிடத்தில் ஆவியாகும். போகும்போது தோலில் மிச்சமிருந்த ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். சோற்றைச் செரிக்க வைக்கும் அதே எச்சில் மெல்லிய தோலையும் உறுத்தும். பிள்ளைக்காம்பராவில் வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்த குழந்தையைப் பார்த்தால், அது நக்கிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். உரியும் தோலைப் பிய்க்கவும் கூடாது.

தலைவலிக்குப் பூசும் தைலத்தை உதட்டில் தடவுவது இன்னொரு பழக்கம். கற்பூரமும் மெந்தோலும் சில்லென்று இருப்பதால் சுகம் போலத் தெரியும். வெடிப்புக்குள் இறங்கினால் அவை எரிச்சலைத்தான் கூட்டும். தேசிக்காயும் சீனியும் சேர்த்துத் தேய்ப்பது அதைவிட மோசம். தேசிக்காய்ச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுக்கும். வாசலின் பூசினால் உதடு கறுக்கும் என்பதோ வீண் பயம். 1872இல் செஸ்ப்ரோ என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற அந்தக் களிம்பு தோலுக்கு எதையும் ஊட்டுவதில்லை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடி வைக்கிறது, அவ்வளவே. முகம் கழுவி உதடு ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள், படுக்கும்போது கொஞ்சம் தடிப்பாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் நெய்யும்கூட உதவும். சீக்கிரம் போய்விடுவதால் அடிக்கடி பூசவேண்டும்.

ஆனால் இவை எதுவும் வெயிலைத் தடுக்காது. "குளிர் ஊர்ல வெயில் என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்து வீதம் கூடுகிறது. ஹட்டன் சுமார் 1,270 மீட்டர், நுவரெலியா சுமார் 1,870 மீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நடுப்பகல் வெயில் மாசியிலேயே ஏறக்குறையத் தலைக்கு மேல். குளிர்காற்று சூட்டை மறைத்துவிடுகிறது; கதிர் குறைவதில்லை. அதில் அதிகம் படுவது கீழுதடுதான். விளிம்பு வைத்த தொப்பி போடச் சொல்வது எளிது. கூடைக் கயிறு தலையில் ஏறும் பெண்ணுக்கு அந்தத் தொப்பி நிற்காது. தலைத்துணியை நெற்றிக்கு முன்னால் தள்ளி மடித்துக் கட்டுவதும், முடிந்தவர்கள் வெயில் காப்பு உள்ள உதட்டுக் களிம்பு வாங்குவதும் நடக்கக்கூடியவை.

இனி, பனியின் மேல் பழி போட்டு விட்டுவிடும் புண்ணுக்கு வருகிறேன். வாய்க்கடை இரண்டிலும் வெடித்து, வெள்ளையாக ஊறி, வாய் திறந்தால் கிழிகிறதே, அது பனி வெடிப்பு அல்ல. எச்சில் தேங்கும் அந்த மடிப்பில் கண்டிடா என்னும் பூஞ்சை குடியேறுவதால் அது ஆறாமல் கிடக்கும். பல் விழுந்து கன்னம் ஒட்டிய முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வரும். கொழுந்து பறிக்கும் வயதுப் பெண்ணுக்கு மீண்டும் மீண்டும் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இரத்தசோகையை. இரும்புச்சத்தோ பி2 விற்றமினோ குறைந்தால் உடம்பு முதலில் காட்டும் இடங்களில் வாய்க்கடையும் ஒன்று. மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது, இமைக்குள் வெளுத்திருப்பது, நாக்கு வழுவழுப்பாவது ஆகியவையும் கூடச் சேர்ந்தால் இரத்தம் சோதிக்கத் தயங்கக்கூடாது.

இங்கேதான் தேத்தண்ணியைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. ரொட்டிக்கும் சோற்றுக்கும் கூடவே சாயம் குடிப்பது நமக்கு மூச்சுவிடுவது மாதிரி. தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடம்புக்குச் சேருவது மிகவும் குறைந்துவிடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரம் இடைவெளி போதும். கீரையில் தேசிக்காய் பிழிவதும் ஒரு பிடி நெத்தலி சேர்ப்பதும் இரும்பு சேர உதவும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் கர்ப்பிணிகளைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது. அதைத் தண்ணீரோடுதான் விழுங்கவேண்டும். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்துக்குத் தள்ளிவிடவேண்டும். வாய்க்கடைப் பூஞ்சைக்குக் களிம்பு தனியாக உண்டு; கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சலுக்குப் பின் கொத்தாக நீர்க்கொப்புளம் எழும்பினால் பூச்சி கடித்தது என்று சொல்வார்கள். அது ஹேர்ப்பீஸ் வைரசு. ஆறும்வரை ஒரே கோப்பையில் குடிக்கவேண்டாம், குழந்தைக்கு முத்தம் கொடுக்கவேண்டாம்.

ஆறாத புண்ணுக்குப் பின்னால் புற்றுநோயும் இருக்கலாம். அதனால் "போயிலை இல்லாத வெத்தலை ஒன்னும் செய்யாது" என்ற நம்பிக்கையை உடைத்தே ஆகவேண்டும். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான். கீழுதட்டில் ஒரே இடம் தடித்து, செதில் படர்ந்து, அல்லது புண்ணாகி மூன்று வாரமாகியும் ஆறவில்லையென்றால் அதைப் பனிக்கணக்கில் எழுதாதீர்கள். கிளினிக்குக்குப் போனால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில்தான் பல புண்கள் சித்திரை வரை தள்ளிப்போகின்றன. வலி இல்லை என்பதும் காத்திருக்கக் காரணமல்ல, இந்தப் புண் தொடக்கத்தில் வலிக்காமலேயே இருக்கும். டிக்கோயா வைத்தியசாலையிலோ நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரியிலோ பல் வைத்தியரிடம் உதட்டைத் திருப்பிக் காட்டுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, வெத்தலை எத்தனை வருடப் பழக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.