பழைய மின் ஸ்கூட்டர் பட்டறைக்கு வந்தால்

"பேட்டரி போச்சு, நாலையும் மாத்தணும்." பழைய மின் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் இந்தத் தீர்ப்பை ஏற்கெனவே எங்காவது கேட்டிருப்பார். மீட்டர் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்றுதான் பதில் வரும். அளந்து பார்த்துச் சொல்லும் மெக்கானிக்குக்கு இந்த வேலையில் நல்ல இடம் இருக்கிறது. பெட்ரோல் வண்டி பார்த்துக்கொண்டே இதையும் பழகிக்கொள்ளலாம்.

மின் ஸ்கூட்டரின் தொடக்க காலத்தில் இங்கே விற்ற சிறு ஸ்கூட்டர்களில் பல, சீனாவிலிருந்து உதிரிபாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. விற்ற சிறு கம்பெனிகள் பல கடையைச் சாத்திவிட்டன. ஆனால் சீட்டைத் தூக்கினால் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே சாமான்கள்தான்: 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி நான்கு அல்லது ஐந்து, ஒரு கண்ட்ரோலர், ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தரும் கன்வர்ட்டர், பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். கண்ட்ரோலர் வாங்க வண்டியின் பெயர் தேவையில்லை. வோல்ட், வாட், மோட்டார் சுழலும் நிலையைச் சொல்லும் ஹால் சென்சாரின் கோணம் 120 டிகிரியா 60 டிகிரியா என்பது தெரிந்தால் கிடைத்துவிடும்.

முதலில் வாங்க வேண்டியது நல்ல மல்டிமீட்டர். அடுத்து டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர். மலிவான கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மட்டுமே காட்டும், பார்த்து வாங்குங்கள். கைப்பிடிக்கு இன்சுலேஷன் போட்ட ஸ்பேனர், சால்டரிங் அயர்ன், கிரிம்பிங் கருவி. வேலையில் இறங்குமுன் மோதிரமும் வாட்சும் கழன்றாக வேண்டும்.

"முன்னே முப்பது கிலோமீட்டர் ஓடும், இப்போ அஞ்சுகூட ஓடமாட்டேங்குது." அதிகம் வரும் புகார் இதுதான். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் நின்ற வண்டியில் நான்கு பேட்டரியையும் தனித்தனியே அளந்தால் எல்லாமே 12.7-க்கு மேல் காட்டக்கூடும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஓயத் தொடங்கிய பேட்டரி சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் காட்டும். பாரம் ஏறும்போதுதான் அதன் நிலை தெரியும். மீட்டர் வயரை ஒரு பேட்டரியின் முனைகளில் கிளிப் போட்டு இறுக்கி, பின்னால் ஒருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லி, மேம்பால ஏற்றத்தில் வண்டியை ஏற்றுங்கள். நான்குக்கும் இப்படியே.

மூன்று பேட்டரி 11.9-இல் நிற்கிறது, நான்காவது 6.5-க்குச் சரிகிறது என்று வையுங்கள். மொத்தம் 42.2 வோல்ட். 48 வோல்ட் கண்ட்ரோலர் பெரும்பாலும் 42 வோல்ட் அருகில் கரண்டை நிறுத்திவிடும். ஏற்றத்தில் வண்டி திணறி நிற்பதும், ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி கொஞ்சம் ஓடுவதும் இதனால்தான். குற்றவாளி ஒன்றே ஒன்று. நான்கும் வாங்கி ஓராண்டுக்குள் என்றால் அதை மட்டும் மாற்றலாம். பழைய செட்டில் புதிது ஒன்றைச் சேர்த்தால் சார்ஜ் சமமாக ஏறாது, மீதி மூன்றும் சீக்கிரம் படுக்கும். அங்கே இரண்டே வழி: அதே வயதுள்ள நல்ல பழைய பேட்டரி ஒன்று, அல்லது முழு செட். இரண்டையும் வாடிக்கையாளரிடம் சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள்.

செட்டை மாற்றுமுன் சார்ஜரையும் சோதியுங்கள். வண்டியில் மாட்டி, சார்ஜ் முடியும் தறுவாயில் அளந்தால் நான்கு பேட்டரிக்கு 58, 59 வோல்ட் வர வேண்டும். அதைத் தாண்டிப் போனால் புது பேட்டரியும் காய்ந்து உப்பும். இந்தச் சோதனையை விட்டால் புது செட்டும் சீக்கிரமே திரும்பி வரும், பழி உங்கள்மேல் விழும்.

அடுத்தது, சாவி போட்டால் லைட் எரிகிறது, வண்டி நகரவில்லை என்கிற புகார். முதலில் பிரேக் லீவர். அதில் உள்ள சிறு சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், பிரேக் பிடித்திருப்பதாக நினைத்து கண்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவைக்கும். கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். வண்டி ஓடினால் வேலை அங்கேயே முடிந்தது. மழைக்காலத்துக்குப் பிறகு கப்ளர்களில் பச்சை பூத்திருக்கும், அதையும் சுத்தம் செய்யுங்கள். ஆக்சிலரேட்டருக்கு 5 வோல்ட் போகிறதா, திருகும்போது சிக்னல் 0.8-லிருந்து நான்கு வோல்ட் அருகே ஏறுகிறதா என்பது அடுத்தது.

வண்டி உதறி, உறுமி, நகர மறுத்தால் மோட்டாரின் ஹால் சென்சாரைச் சந்தேகியுங்கள். மோட்டாரிலிருந்து ஐந்து மெல்லிய வயர்கள் வரும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட் இருந்தால், மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மூன்றிலும் 0, 5 என மாறி மாறி வர வேண்டும். ஏதாவது ஒன்று அசையாமல் நின்றால், முதலில் கப்ளர், பிறகு சென்சார். மோட்டாரைப் பிரிப்பதே பெரிய வேலை, சென்சாரோ மலிவு. எனவே மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் யோசனை.

சக்கரம் கையால் சுற்றவே கடினமாக, வெட்டி வெட்டி நகர்ந்தால் மோட்டாரின் மூன்று தடித்த வயரையும் கண்ட்ரோலரிலிருந்து பிரியுங்கள். சக்கரம் லேசானால் கண்ட்ரோலரில் கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் போயிருக்கிறது. அப்படியும் இறுக்கமாகவே இருந்தால் கோளாறு மோட்டார் பக்கம். ஆக்சில் துளையில் வயர்கள் சூட்டில் உருகி ஒட்டியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கண்ட்ரோலருக்குள் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், உடனே கை வைக்காதீர்கள்.

சில வண்டிகளில் லித்தியம் பேட்டரி இருக்கும். அதைப் பயிற்சி இல்லாமல் பிரிக்காதீர்கள். அதற்குள் இருக்கும் காவல் சர்க்யூட்தான் பிஎம்எஸ். "பிஎம்எஸ்ஸை பைபாஸ் பண்ணிக் கொடு" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் சரி. 2022-இல் மின் வண்டிகள் சில தீப்பிடித்த பிறகு ஏஐஎஸ் 156 பாதுகாப்பு விதிகள் அந்த டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக இறுக்கப்பட்டன. அதற்கு முந்தைய வண்டியில் அந்தப் பாதுகாப்புகள் இருக்கும் என நம்ப முடியாது. உப்பிய லித்தியம் பேட்டரியைக் கடைக்குள் ஒரு இரவுகூட வைக்கக் கூடாது.

வேகத்தைக் கூட்டச் சொல்லியும் கேட்பார்கள். 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருப்பதால்தான் இந்தச் சிறு வண்டிகளுக்குப் பதிவும் லைசென்சும் தேவையில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் லாக்கை எடுத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். விபத்து நடந்தால் வண்டிக்காரர் தலையில் விடியும்.

சோதனைக்குக் கட்டணம் வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். நான்கு பேட்டரியின் அளவு, பாரத்தில் வந்த அளவு, சார்ஜர் அளவு ஆகியவற்றைத் தேதி போட்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர் வேறு கடையில் சாமான் வாங்கிக்கொள்ளட்டும், உங்கள் உழைப்புக்குக் காசு வந்துவிட்டது. அடுத்த முறை அதே சீட்டோடு வருவார். எந்த பேட்டரி இறங்கியிருக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரியும்.

முறையாகப் படிக்க விரும்பும் பையன்களுக்கு ஐடிஐ-யில் 'மெக்கானிக் எலக்ட்ரிக் வெஹிகிள்' என்ற இரண்டு ஆண்டுப் பிரிவு உண்டு. பட்டறையை விட்டு வர முடியாதவர்கள் பழைய இரும்புக் கடையில் கெட்டுப்போன ஹப் மோட்டார் ஒன்றும் கண்ட்ரோலர் ஒன்றும் வாங்கி, வேலை இல்லாத மதியங்களில் பிரித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் வண்டியில் முதல் முறையாக மோட்டாரைத் திறக்காதீர்கள்.