தூங்காத கண்

மும்பை தாராவியில் சின்னச் சின்னத் தோல் பட்டறைகள் பல உள்ளன. பகலில் அங்கே பை, பெல்ட், பர்ஸ் தைக்கிறார்கள். இரவில் ஷட்டரை இறக்கிப் பூட்டுகிறார்கள். உள்ளே தோல் இருக்கும். தையல் மெஷின் இருக்கும். பலருக்கு அது கடன் வாங்கிப் போட்ட முதல். ஒரே இரவில் அது திருட்டுப் போனால் குடும்பம் என்ன ஆகும்?

பூட்டுக்குத் துணையாகக் கேமரா வைக்கலாம். ஆனால் இரவு முழுதும் விழித்திருந்து படத்தைப் பார்ப்பது யார்? அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்யும்.

ஒரு நர்ஸ் செய்த வழி

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் வாழ்ந்தார். பல நேரம் வீட்டில் தனியாக இருந்தார். கூப்பிட்டாலும் போலீஸ் வரத் தாமதம் ஆகும். எனவே கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து ஒரு சாதனம் அமைத்தார். கதவில் துளைகள். துளைகளுக்குப் பின்னால் கேமரா. வாசலில் நிற்பவரை உள்ளே டி.வி.யில் பார்க்கலாம். ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்தலாம். 1966-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார்கள். 1969-ல் கிடைத்தது.

அதில் பார்த்தவரும் மனிதர். பொத்தானை அழுத்தியவரும் மனிதர். இன்று இரண்டையும் கம்ப்யூட்டர் செய்கிறது.

எப்படிச் செய்கிறது?

கம்ப்யூட்டருக்குப் படம் என்பது கோலப் புள்ளிகள் மாதிரி. ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். 0 என்றால் கறுப்பு. 255 என்றால் வெள்ளை.

முன்பு எடுத்த படத்தையும் இப்போது எடுத்த படத்தையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும். நாம் வைத்த அளவுக்கு மேல் புள்ளிகள் மாறினால், 'அசைவு' என்று முடிவு செய்யும். உடனே சிறிது மின்சாரத்தை ரிலேக்கு அனுப்பும். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். அது பேட்டரியைச் சைரனோடு இணைக்கும். சைரன் அலறும்.

புலி வருது!

கம்ப்யூட்டர் பார்ப்பது மாற்றத்தை மட்டும்தான். பூனை ஓடினாலும் மாற்றம். பைக் வெளிச்சம் விழுந்தாலும் மாற்றம். தினமும் வீணாகச் சைரன் அலறினால் என்ன நடக்கும்? 'புலி வருது' கதைதான். உண்மையில் திருடன் வரும் இரவில் ஒருவரும் எழுந்து வர மாட்டார்கள். சைரன் திருடனைப் பிடிக்காது. ஆட்களைக் கூப்பிடும். அவ்வளவுதான்.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

1. கேமராவை உள்ளிருந்து கதவைப் பார்க்க வையுங்கள். தாராவிச் சந்துகள் குறுகல். எதிர் வீட்டின் உட்புறம் படத்தில் விழக் கூடாது.
2. படத்தில் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று குறியுங்கள். ஜன்னல், மின்விசிறி இருக்கும் இடங்களை விட்டுவிடுங்கள்.
3. இருட்டில் கேமராவுக்குப் படம் தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஒரு விளக்கு எரியட்டும்.
4. கரண்ட் போனால் கேமரா, கம்ப்யூட்டர், சைரன் மூன்றும் நிற்கும். மூன்றுக்கும் பேட்டரி வேண்டும்.
5. வாரம் ஒரு முறை, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.
6. சைரன் கேட்டால் தனியாக உள்ளே போகாதீர்கள். நாலு பேரைக் கூப்பிடுங்கள். 100 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள்.

பேசுவோம்

1. மேரி பிரவுன் ஏன் அந்தச் சாதனத்தை அமைத்தார்?
2. ரிலேயின் வேலை என்ன?
3. உங்கள் சந்தில் இரவில் சைரன் ஒலித்தால் முதலில் யார் வருவார்கள்? அவர்களிடம் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கிறீர்களா?