விண்டோஸ் 11க்கு மாறிய பின் சத்தம் நின்றுவிட்டதா?



விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே நம்மில் பலர் வீட்டுக் கணினியையும் கடைக் கணினியையும் விண்டோஸ் 11க்கு மாற்றி வருகிறோம். மாற்றிய கையோடு எழும் புகார்களில் ஒன்று: "எல்லாம் நன்றாக இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை." பழுது பார்க்கக் கொண்டுபோனால் சில இடங்களில், "சவுண்டு கார்டு போய்விட்டது, மதர்போர்டை மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் வீணாகப் போவது இந்த ஒரு வார்த்தையில்தான்.

நேற்று வரை சத்தம் வந்த கணினி, இயங்குதளம் மாற்றிய அன்றே மௌனமானால், பெரும்பாலும் உள்ளே எந்தப் பாகமும் கெட்டிருக்காது. டிரைவர் எனப்படும் மென்பொருளில்தான் கோளாறு இருக்கும். அதைக் கண்டறியவும் சரிசெய்யவும் காசு தேவையில்லை. வரிசை தவறாமல் பார்க்கும் பொறுமை போதும். அந்த வரிசையைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

சத்தம்தானே, பாட்டுக் கேட்காவிட்டால் என்ன என்று சிலர் நினைக்கலாம். இணைய வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குச் சத்தம்தான் ஆசிரியர். பார்வையற்றவர்களின் நிலை இன்னும் கடுமை. நரேட்டர், என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருள்கள் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டுவதால்தான் அவர்கள் கணினியில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சத்தம் நின்றால் கணினியே நின்றுவிட்டதாகப் பொருள்.

டிரைவர் என்பது என்ன?

கணினியில் ஒலியை உண்டாக்கும் சிப்புக்கு ஒரு மொழி. விண்டோஸுக்கு இன்னொரு மொழி. இரண்டுக்கும் இடையே நின்று பேசும் துபாஷிதான் டிரைவர். இயங்குதளத்தை மாற்றும்போது பழைய துபாஷி சில நேரம் விடுபட்டுப் போகிறார். சில நேரம் அவர் பேசுவது புதிய விண்டோஸுக்குப் புரிவதில்லை. உதாரணமாக, விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே பழைய 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்ட டிரைவர் அதில் ஓடாது.

முதல் படி: எளியதை முதலில் பாருங்கள்

டிரைவரில் கை வைக்கும் முன் இந்த நான்கையும் சோதியுங்கள்.

1. ஸ்பீக்கர், ஹெட்போன் வயர்களைச் சரியான துளையில் செருகியிருக்கிறோமா? மேசைக் கணினியின் பின்புறத்தில் ஸ்பீக்கருக்குரியது பொதுவாகப் பச்சைத் துளை.

2. திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து 'சவுண்டு செட்டிங்ஸ்' திறங்கள். 'அவுட்புட்' பகுதியில் எந்தக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரில் மானிட்டர் இணைத்திருந்தால், மாற்றத்துக்குப் பின் சத்தம் மானிட்டர் பக்கம் திரும்பியிருக்கலாம். மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லை என்றால் எதுவும் கேட்காது. உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

3. அதே இடத்தில் கருவியின் பெயரை அழுத்தினால் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்ற வசதி வரும். அதை 'ஆஃப்' செய்து பாருங்கள்.

4. ஸ்டார்ட் தேடலில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறங்கள். 'விண்டோஸ் ஆடியோ', 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' இரண்டும் 'ரன்னிங்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ரைட் கிளிக் செய்து 'ஸ்டார்ட்' கொடுங்கள்.

சத்தம் வருகிறது, மைக் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' சென்று 'மைக்ரோபோன்' அனுமதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: டிவைஸ் மேனேஜர் சொல்வதைக் கேளுங்கள்

ஸ்டார்ட் பொத்தான் மீது ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். அதில் 'சவுண்டு, வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்' என்ற தலைப்பை விரியுங்கள். அங்கே நான்கில் ஒரு நிலையைக் காண்பீர்கள்.

ஒன்று, 'ரியல்டெக்' போன்ற நிறுவனப் பெயர் தெளிவாக இருக்கிறது, எந்தக் குறியும் இல்லை. அப்படியானால் டிரைவர் ஏறியிருக்கிறது. முதல் படியில் எதையாவது தவறவிட்டோமா என்று திரும்பப் பாருங்கள். அப்படியும் சத்தம் இல்லையென்றால் டிரைவரின் பதிப்பு பொருந்தவில்லை. நான்காம் படிக்குச் செல்லுங்கள்.

இரண்டு, 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று மட்டும் இருக்கிறது. விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரைப் போட்டிருக்கிறது என்று பொருள். பல கணினிகளில் இதுவே போதும். முன்பக்கத் துளை, மைக் முதலியவை வேலை செய்யாவிட்டால் மட்டும் நிறுவனத்தின் டிரைவரைத் தேடுங்கள்.

மூன்று, மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருக்கிறது, அல்லது 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ்ப் பெயர் தெரியாத கருவி நிற்கிறது. அதை இருமுறை அழுத்தினால் ஒரு குறியெண் தெரியும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை. டிரைவர் பொருந்தாமல் இருக்கலாம். 22 என்றால் கருவி முடக்கப்பட்டிருக்கிறது. ரைட் கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்தால் முடிந்தது வேலை.

நான்கு, ஒலிக் கருவியே பட்டியலில் இல்லை. லேப்டாப் என்றால் உடனே கலங்க வேண்டாம். பல இன்டெல் லேப்டாப்களில் ஒலிச் சிப்புக்குச் செல்லும் பாதைக்கே 'ஸ்மார்ட் சவுண்டு டெக்னாலஜி' என்ற தனி டிரைவர் தேவை. பாதை இல்லாவிட்டால் சிப் கண்ணுக்கே தெரியாது. அந்த டிரைவரையும் சிப்செட் டிரைவரையும் முதலில் போட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, பிறகே ஒலி டிரைவரைப் போட வேண்டும். பயாஸ் அமைப்பில் 'ஆன்போர்டு ஆடியோ' அணைக்கப்பட்டிருந்தாலும் இந்த நிலை வரும். ஆனால் பயாஸைத் தொடும் முன் 'பிட்லாக்கர்' மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில கணினிகள் மாற்றத்துக்குப் பின் அதைக் கேட்கும். அது இல்லையென்றால் கோப்புகளைத் திறக்க முடியாமல் போகும்.

மூன்றாம் படி: உரிய டிரைவரை உரிய இடத்தில் எடுங்கள்

கருவியின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'டீடெயில்ஸ்' சென்று 'ஹார்டுவேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்கள். நீண்ட ஒரு வரி வரும். அதில் 'வென்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கம் சிப்பைச் செய்தவரின் அடையாளம். 10இசி என்றால் ரியல்டெக், 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ என்றால் என்விடியா. கடைசி இரண்டும் பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழியாகச் செல்லும் ஒலிக்கு உரியவை. அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் பச்சைத் துளையில் சத்தம் வராது.

அடுத்து செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கே ஒலி டிரைவர் காத்திருந்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலோ மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலோ உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். மாடல் எண் லேப்டாப்பின் அடிப்பகுதியில் இருக்கும். மேசைக் கணினியில் ஸ்டார்ட் தேடலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் மதர்போர்டின் பெயர் தெரியும். விண்டோஸ் 11க்கு என்று தனி டிரைவர் இல்லாவிட்டால் விண்டோஸ் 10க்கான 64 பிட் டிரைவரை முயலுங்கள். பெரும்பாலும் அது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடுகிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். சத்தத்தைத் தேடிப் போய் வைரஸை வீட்டுக்குக் கொண்டுவந்த கதையாகிவிடும்.

நான்காம் படி: போட்ட டிரைவர் ஒத்துவரவில்லை என்றால்

'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தின் 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் உயிரோடு இருந்தால் அதை அழுத்துங்கள். பழைய டிரைவர் திரும்பும். அது மங்கியிருந்தால் திரும்பிச் செல்லப் பழையது இல்லை. அப்போது 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, டிரைவரையும் நீக்கும் கட்டத்தில் டிக் செய்து, மறுதொடக்கம் செய்யுங்கள். பழையதை நீக்காமல் அதன் மேலேயே புதியதைப் போடுவதும் கோளாறுக்கு ஒரு காரணம்.

அதுவும் பலிக்காவிட்டால் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் சென்று, மேலே சொன்ன 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பொது டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

இயங்குதளம் மாற்றி 10 நாட்கள் ஆகவில்லை என்றால் இன்னொரு வாசலும் உண்டு. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ரெக்கவரி' சென்றால் 'கோ பேக்' என்று பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். ஆனால் ஆதரவு முடிந்த விண்டோஸில் நெடுநாள் தங்குவது பாதுகாப்பு அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பாகம் கெட்டதா என்பதற்குச் சான்று

இத்தனைக்கும் பிறகும் சத்தம் வரவில்லையா? மதர்போர்டு மாற்றச் சம்மதிக்கும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலில் ஒரு யுஎஸ்பி ஹெட்போனைச் செருகுங்கள். அதற்குள் தனி ஒலிச் சிப் இருக்கிறது. விண்டோஸே அதற்கு டிரைவர் வைத்திருக்கிறது. அதில் சத்தம் வந்தால் விண்டோஸின் ஒலி அமைப்பு நலம்.

அடுத்து, உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். லினக்ஸில் பெரும்பாலான ஒலி டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அங்கே கணினியின் சொந்த ஸ்பீக்கரில் சத்தம் வந்துவிட்டால் சிப் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இரண்டு இயங்குதளங்களிலும் சத்தம் வராமல், யுஎஸ்பியில் மட்டும் வந்தால் அப்போதுதான் பாகத்தின் மீது சந்தேகப்பட வேண்டும். அப்போதும் சில நூறு ரூபாயில் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்டு அடாப்டர் ஒன்று வேலையை முடித்துவிடும். போர்டை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

இது பெரிய நிறுவனங்களுக்கும் நேர்வதுதான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய கணினிகளில் 'டிராக் ஆடியோ' என்ற மென்பொருள் உள்ளவற்றில் சத்தம் அடியோடு நின்றது. 2024 டிசம்பரில் அத்தகைய கணினிகளுக்கு அந்தப் பதிப்பை மைக்ரோசாஃப்ட்டே நிறுத்தி வைத்தது. 2025 ஜனவரி பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின் சில யுஎஸ்பி ஒலிக் கருவிகள் குறியெண் 10 காட்டி நின்றன. பின்னர் வந்த அப்டேட்டில் அது சரியானது. இரண்டிலும் கணினியின் எந்தப் பாகமும் கெடவில்லை.

மாற்றப் போகிறவர்களுக்கு

இன்னும் மாற்றாதவர்கள் முன்கூட்டியே மூன்று காரியங்கள் செய்துகொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள். உங்கள் மாடலுக்குரிய ஒலி டிரைவரையும் சிப்செட் டிரைவரையும் பென்டிரைவில் இறக்கி வையுங்கள். வீட்டில் பார்வையற்றவர் கணினியைப் பயன்படுத்தினால், ஒரு யுஎஸ்பி ஹெட்போனை வாங்கி, அதில் திரைவாசிப்புக் குரல் கேட்கிறதா என்று சோதித்த பிறகே மாற்றத்தைத் தொடங்குங்கள். விண்டோஸ் விசையையும் கண்ட்ரோல் விசையையும் பிடித்துக்கொண்டு என்டர் தட்டினால் நரேட்டர் பேசத் தொடங்கும் என்பதையும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இந்தப் பக்கத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது "போர்டு போய்விட்டதாம்" என்று வருத்தப்பட்டால், பணம் கொடுக்கும் முன் இந்த ஐந்து படிகளையும் அவரோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.