மலைப் புல்வெளியிற் புதர் பரவுதல்

மலைப் புல்வெளி ஓராண்டிற் புதர்க்காடாவதில்லை. முதலில் ஒரு செடி முளைக்கும். சில ஆண்டுகளில் அது புதராகும். அதன் நிழலிற் புல் மடியும். புதர்கள் ஒன்றோடொன்று கூடியபின் நிலத்தை மீட்பது கடினம். ஆகவே இம்மாற்றத்தைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளல் வேண்டும்.

ஓட்டன் சமவெளி இதற்குத் தக்க உதாரணமாகும். ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்திலுள்ள இச்சமவெளி 1988ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. மரைகள் மேயும் இப்பத்தனைப் புல்நிலத்திலும் அதனைச் சூழ்ந்த காட்டிலும் ஊறும் அருவிகள் மகாவலி, களனி, வளவை ஆகிய கங்கைகளை அடைகின்றன. அந்நீரால் வயல் செய்வோருக்கும் இம்மலையின் நலம் வேறன்று.

புல்நிலம் நிலைபெறுங் காரணம்

தை, மாசி மாதங்களில் விழும் உறைபனி இளங்கன்றுகளைக் கருக்கும். விலங்குகள் தளிர்களை மேயும். தீயும் கன்றுகளை அழிக்கும். தடித்த பட்டையும் செம்மலரும் உடைய மலைப்பூவரசு மரங்கள் ஆங்காங்கே நிற்கும். இவை நாட்டு மரங்கள். இவற்றாற் புல்லுக்குக் கேடில்லை.

கோர்ஸ் செடி

மேற்கு ஐரோப்பாவுக்குரிய இம்முட்செடி பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்டது. மஞ்சட் பூப் பூக்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், வேர்முடிச்சுகளின் துணையாற் காற்றிலுள்ள நைதரசனைப் பெற்று வளமற்ற மண்ணிலும் செழிக்கும். முதிர்ந்த செடியை முள் காரணமாக விலங்குகள் பெரிதும் மேய்வதில்லை. வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். முற்றிய காய்கள் வெடித்து விதைகளைச் சிதறும். அவ்விதைகள் பல பத்தாண்டுகள் மண்ணில் உயிருடன் கிடக்கும். தீ மூட்டினாலோ பெருந்தொகையாக முளைக்கும். பிற செடிகளை அடக்கும் மேய்ச்சலும் தீயும் இதனை அடக்கமாட்டா.

செய்ய வேண்டியவை

பூங்காவினுள் இச்செடியை அகற்றுவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பாகும். மலைநாட்டில் மரக்கறி செய்வோரும் கால்நடை வளர்ப்போரும் தத்தம் நிலத்திற் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்:

1. வேலிக்காகவோ அழகுக்காகவோ இதனை நடலாகாது.

2. மழையால் மண் நெகிழ்ந்திருக்கும்போது, பூக்குமுன், இளஞ்செடிகளை வேருடன் பிடுங்குக.

3. புதரை அழிப்பதற்குத் தீ வைக்கலாகாது.

4. காய்த்த செடி நின்ற இடத்து மண்ணை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லலாகாது. மண்வெட்டி, பாதணி, வாகனச் சக்கரம் ஆகியவற்றை அவ்விடத்திலேயே துப்புரவு செய்க.

5. அகற்றிய இடத்தை வெறுமையாக விடாது புல்லால் மூடச் செய்து, ஆண்டுதோறும் பார்வையிடுக.

இன்று கையாற் பிடுங்கக்கூடிய செடியொன்றைக் காய்க்கவிட்டால், அதன் முளைகளைப் பிள்ளைகள் காலத்திலுங் களைய நேரிடும்.