கண்ணீரை வரவழைக்கும் ‘லாக்ரிமேட்டர்’

வெங்காயம் நறுக்கினால் கண்ணில் நீர் கொட்டுகிறது. மிளகாய் வறுத்தால் அந்த நெடியில் பக்கத்து வீட்டுக்காரர்கூட இருமுகிறார். கூட்டத்தைக் கலைக்கப் போலீஸார் கண்ணீர்ப்புகை வீசினால் தெருவே கண்ணைக் கசக்குகிறது. இந்த மூன்றையும் உண்டாக்கும் ரசாயனங்களுக்குப் பொதுப்பெயர் ஒன்றுதான்: லாக்ரிமேட்டர்.

வாயில் நுழையாத பெயரா இருக்கே என்று நினைக்காதீர்கள். லத்தீன் மொழியில் ‘லாக்ரிமா’ என்றால் கண்ணீர். கண்ணீரை வரவழைக்கும் ரசாயனம் லாக்ரிமேட்டர். கண்ணீர் சுரக்கும் சுரப்பிக்கு ‘லாக்ரிமல் சுரப்பி’ என்று பெயர். கண் டாக்டர் தரும் சீட்டில் ‘லாக்ரிமேஷன்’ என்று எழுதியிருந்தால் பயந்துவிட வேண்டாம். அது நோயின் பெயர் அல்ல. கண்ணில் நீர் அதிகமாக வருகிறது என்ற குறிப்பு, அவ்வளவுதான்.

ஏன் கண்ணீர் வருகிறது?

கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவில் நரம்பு நுனிகள் ஏராளம். லாக்ரிமேட்டர் பட்டதும் அவை மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. உடனே மூளை லாக்ரிமல் சுரப்பிக்கு உத்தரவு போடுகிறது. வந்த பொருளைக் கழுவித் தள்ளத்தான் இந்தக் கண்ணீர். துக்கத்தில் வரும் அழுகை வேறு, இது வேறு.

வெங்காயமும் மிளகாயும்

முழு வெங்காயத்தில் இந்த ரசாயனம் இல்லை. வெட்டும்போது செல்கள் உடைந்து, தனித்தனியாக இருந்த பொருட்கள் கலக்கின்றன. அப்போதுதான் கந்தகம் சேர்ந்த ஓர் ஆவி உண்டாகிறது. இதற்கு உதவும் என்சைம் ஒன்றை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2002ல் கண்டுபிடித்தார்கள். வெங்காயத்தை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கூர்மையான கத்தியால் நறுக்கிப் பாருங்கள். எரிச்சல் குறையும். வந்தாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும்.

மிளகாயில் இருப்பது காப்சைசின். இது தண்ணீரில் சுலபமாகக் கரையாது. வெறும் தண்ணீரில் கை கழுவினால் போகாது. நன்றாகச் சோப்பு போட்டுக் கழுவாமல் கண்ணையோ, குழந்தையின் முகத்தையோ தொடாதீர்கள்.

கண்ணீர்ப்புகை பட்டால்?

பெயர்தான் புகை. பரவலாகப் பயன்படும் ‘சி.எஸ்.’ என்பது உண்மையில் மிக நுண்ணிய தூள். 1928ல் இதைத் தயாரித்த கார்சன், ஸ்டௌட்டன் என்ற இருவரின் பெயர்களின் முதல் எழுத்துகளே அந்த சி.எஸ். தூள் என்பதால் துணியிலும் முடியிலும் ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவுங்கள். உடையை மாற்றிவிட்டு, சோப்பு போட்டுக் குளியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இழுக்கலாம். அவர்களை டாக்டரிடம் காட்டுவது நல்லது.

அலட்சியம் வேண்டாம்

கண்ணீர் வரவழைக்கும் எல்லாமே வெங்காயம் போலச் சாது அல்ல. பாத்ரூம் கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் இன்னும் பளிச்சென்று இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிக் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. முதலில் கண் எரியும், நீர் வழியும். ஆனால் பெரிய ஆபத்து நுரையீரலுக்குத்தான். ‘ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம்’ என்று உள்ளேயே நிற்காதீர்கள். வேலையைப் போட்டுவிட்டு உடனே வெளியே வாருங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் அதிகமாகலாம். இந்த இரண்டையும் எப்போதும் ஒன்றாகக் கலக்கவே கூடாது.

ஆசிட்டோ சுண்ணாம்போ கண்ணில் தெறித்துவிட்டால் கண்ணீர் மட்டும் அதைக் கழுவிவிடாது. இமையைத் திறந்து பிடித்து, குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் விட வேண்டாம். கழுவிய கையோடு கண் டாக்டரிடம் ஓடுங்கள். எரிச்சல் குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். குறிப்பாகச் சுண்ணாம்பு வலி குறைந்த பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.