பழைய சேவ் என்ன ஆகும்?

‘தி விட்சர் 3’ கேமைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது திறந்தால் பெரிய அப்டேட் போடச் சொல்கிறது. போட்டால் ஆடியதெல்லாம் போய்விடுமா? என் கம்ப்யூட்டர் வேறு பழையது.
– ஒரு வாசகர், ஈரோடு

தாராளமாகப் போடுங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், கதையும் மாறவில்லை. 2015-இல் வந்த கேமுக்கு 2022 டிசம்பர் 14 அன்று இலவசமாகக் கொடுத்த 4.0 அப்டேட் இது.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் மேப்பில்தான். ஸ்கெல்லிகே கடல் முழுக்கக் கேள்விக்குறிகள் இறைந்து கிடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? படகை ஓட்டி ஓட்டிக் கை ஓய்ந்துபோகும். கிடைப்பது பெரும்பாலும் மிதக்கும் பீப்பாயும் பெட்டியும்தான். இப்போது அந்தக் குறிகள் தாமாகவே மறைந்திருக்கும். ஒன்றையும் விடக்கூடாது என்பவர்கள் மேப் ஃபில்டரில் மீண்டும் காட்டச் சொல்லலாம். மூலிகையையும் ஒரே அமுக்கில் பறித்துவிடலாம். சற்று உயரத்திலிருந்து விழுந்தாலே கேமின் நாயகன் ஜெரால்ட் செத்துப்போவான் இல்லையா? அதையும் தளர்த்திவிட்டார்கள். போட்டோ மோடு புதிது. வெலன் பகுதியில் ஒரு புது குவெஸ்ட்டும் உண்டு. நெட்ஃபிளிக்ஸின் ‘தி விட்சர்’ தொடரில் வரும் கவசம் அதில் கிடைக்கும்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு முக்கியமான விஷயம்: தொடங்கும்போது டைரக்ட்எக்ஸ் 11, 12 இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். 11-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒளி, நிழலை நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங் இருக்காது. பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு அது தேவையும் இல்லை. கேமை மாற்ற ரசிகர்கள் உருவாக்கும் மாட்கள் (mods) ஏதாவது போட்டிருந்தால் அவற்றை மட்டும் முதலில் நீக்கிவிடுங்கள். பழைய மாட்கள் பல இந்த அப்டேட்டோடு ஒத்துப்போவதில்லை.